நூற்று முப்பத்திரண்டு நாள்

ஹுனைஸ் மனேஜர் தன்னுடைய கணினித் திரையை மபாஸாவின் பக்கம் திருப்பியதுதான் அன்று காலை அவர் செய்த ஒரே பிழை.

அதுவரை எல்லாவற்றையும் அளந்துதான் செய்தார். வாசல்வரை வந்து ஸலாம் சொன்னார். கதிரையை இழுத்துப் போட்டார். தேநீர் வரவழைத்தார். இனாஸைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். மபாஸா புத்தளத்தில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் துப்பறியும் கந்தோர் வைத்திருப்பவள். அதற்கு முன் பதினாறு வருடம் தபால் கந்தோரில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்தவள். ஒருவர் எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துகிறார் என்று கவனிப்பது அவளுக்குப் பழகிப்போன காரியம். ஹுனைஸ் எல்லா இடத்திலும் சரியாகத்தான் தாழ்த்தினார்.

கற்பிட்டிக் கடலில் நண்டு பிடித்து, சுத்தம் செய்து, வெளிநாட்டுக்கு அனுப்புகிற அந்த நிறுவனத்துக்கு ‘நீலக்கரை’ என்று பெயர். ஜூன் மாதம் இருபத்தேழாம் திகதி அதன் நாலாம் நம்பர் படகு கவிழ்ந்தது. படகுத்துறைப் பொறுப்பாளர் இனாஸும், உதவிக்குப் போன மெல்றோய் என்ற இருபத்திரண்டு வயதுப் பிள்ளையும் திரும்பி வரவில்லை. எஞ்சின் பழுது என்று ஒருவருக்கும் அறிவிக்காமல் இனாஸ் தன்பாட்டில் படகை எடுத்துப் போனார் என்பது நிறுவனத்தின் கதை. அன்று விடியற்காலை மனேஜருக்கு ஈமெயில் போட்டுவிட்டுத்தான் அவர் வீட்டை விட்டு இறங்கினார் என்பது அவருடைய மனைவி ஸக்கியாவின் கதை. அந்த ஈமெயில் இருந்த கைத்தொலைபேசி இனாஸோடு கடலுக்குப் போய்விட்டது.

வருகிற பத்தாம் திகதி நீதவான் விசாரணை. அன்று அந்தக் கடிதம் கையில் இல்லாவிட்டால், ஒரு தாயின் பிள்ளையைக் கடலுக்குக் கொண்டுபோய்க் கொன்றவர் என்ற பெயர் இனாஸுக்கு நிலைத்துவிடும்.

“பாருங்க,” என்று ஹுனைஸ் திரையில் விரலை வைத்தார். “இத நாங்க ஆள் பார்த்துச் செய்றல்ல. கொம்பியூட்டர் செய்யுது.”

நிறுவனத்தின் ஈமெயில்கள் எல்லாம் ஒரே சேவர் கணினியில் இருக்கின்றன என்றும், எது எத்தனை நாள் இருக்க வேண்டும், எது காப்பகத்துக்குப் போக வேண்டும், எது அழிய வேண்டும் என்று விதி எழுதி வைத்தால் அது தானாகவே பார்த்துக்கொள்ளும் என்றும் பொறுமையாக விளக்கினார். இனாஸின் பெட்டி ஜூலை மாதமே காலியாகிவிட்டதாம். அப்படி ஒரு கடிதம் இருந்ததாகத் தனக்கு நினைவும் இல்லையாம்.

மபாஸா விதிகளை வாசித்தாள். நாலே நாலு வரி.

பொது ஊழியர்: ஒரு வருடம், பிறகு காப்பகம்.
கணக்குப் பிரிவு: ஏழு வருடம்.
விலகியோர், அழித்தவை: முப்பது நாள்.
மற்றவை: நூற்று முப்பத்திரண்டு நாள்.

நாலாவது வரியில் அவளுடைய கண் ஒரு கணம் நின்றது. நின்றதை மறைக்கத் தேநீரை எடுத்துக் குடித்தாள். இதையெல்லாம் யார் பார்த்துக்கொள்வது என்று மட்டும் கேட்டாள். கிளைட்டன் என்று ஒருவர், படகுத்துறைப் பக்கம் பழைய ஐஸ் அறையில் சேவரோடு இருக்கிறார் என்றார் ஹுனைஸ். ஆட்களோடு அதிகம் கதைக்க மாட்டார் என்றும் சொன்னார்.

வெளியே மழை விட்டிருந்தது. நவம்பர் மாதத்துக் களப்பு நீர், ஈயத்தைத் தட்டி விரித்தது போல அசைவில்லாமல் கிடந்தது. தூரத்தில் வரிசையாக நின்ற காற்றாலைகளில் ஒன்றுகூடச் சுழலவில்லை. வீதியோரச் சவுக்கு மரத்தடியில் அன்ரனிப்பிள்ளை ஆட்டோவை நிறுத்தியிருந்தார். பின் ஆசனத்தில் ஸக்கியா கைகளை மடியில் கோத்தபடி அமர்ந்திருந்தாள். நேற்று அவள் தனியாக இங்கே வந்திருந்தாள். வாசலில் இருந்த காவலாளி, மெயில் எல்லாம் அழிந்து கனகாலம் என்று மனேஜர் சொல்லச் சொன்னதைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டான். அங்கிருந்து நேரே மபாஸாவிடம்தான் போனாள். இன்று அவள் ஆட்டோவை விட்டு இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

அன்ரனிப்பிள்ளை மபாஸாவின் சாரதி, உதவியாளர், காவலாளி எல்லாம். ஐம்பத்தெட்டு வயது. தலவிலை ஊர்க் கத்தோலிக்கர். இருபது வருடம் கொழும்பு பஸ்ஸில் கண்டக்டராக நின்ற கால்களுக்கு இப்போது ஓய்வு கொடுத்திருந்தார். வாய்க்குக் கொடுக்கவில்லை.

“மனேஜர் தேத்தண்ணி தந்தாரா மிஸ்?”

“தந்தார்.”

“சீனி கூடவா?”

“கூடத்தான்.”

“அப்ப பொய்தான் சொல்லியிருப்பார்.”

மபாஸா நாலு வரியையும் ஒப்புவித்தாள். முப்பது, ஒரு வருடம், ஏழு வருடம் எல்லாம் கந்தோர்களில் போடுகிற எண்கள்தான். நூற்று முப்பத்திரண்டு எங்கிருந்து வந்தது? அன்ரனிப்பிள்ளை கழுத்தைச் சொறிந்துகொண்டு யோசித்தார்.

“நான் கண்டது இதுதான் மிஸ். பஸ் நிக்கிற இடமெல்லாம் டிப்போக்காரன் போட்டது. அதுக்கு நடுவில ஒரு முடக்கில பஸ் நிண்டுதெண்டால், அங்க இறங்கிறதுக்கு ஒரு ஆள் இரிக்கி.”

மபாஸா சிரித்தாள். சிரித்தவுடனேயே அது நின்றது. நூற்று முப்பத்திரண்டாம் நாளில் இறங்க வேண்டிய ஆள் யார்?

அவள் திரும்பி ஸக்கியாவைப் பார்த்தாள். கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் இத்தா. அதில் இருந்த ஒருத்தி இப்போது எதிரில் இருக்கிறாள்.

“தங்கச்சி, நீங்க இத்தாவில இருந்து வெளிய வந்தது எண்டைக்கு?”

“ரெண்டாந் திகதி தாத்தா,” என்றாள் ஸக்கியா, மூத்த சகோதரியைக் கூப்பிடுகிற முறையில். “அவர் மவுத்தானது முஹர்ரம் முதல் பிறை. அதால கணக்கு லேசு. நாலு பிறையும் பத்து நாளும்.”

மபாஸா விரல் விட்டு எண்ணினாள். ஜூன் இருபத்தேழிலிருந்து நவம்பர் இரண்டு வரை நூற்று இருபத்தெட்டு நாள். நாலு நாள் குறைந்தது. அருகில் வந்த ஒன்று கைநழுவிப் போனது போல இருந்தது அவளுக்கு. ஒன்பது வருடத்துக்கு முன் அவளும் இதே கணக்கை எண்ணியவள்தான். சுவர், கட்டில், ஜன்னல், மறுபடி சுவர். அந்தக் கணக்கு அவளுக்குப் பிழைக்காது.

அன்ரனிப்பிள்ளை ஆட்டோவின் கண்ணாடிக்கு மேல் செருகியிருந்த கோயில் கலண்டரை எடுத்து, புனிதர்களின் திருநாள்களுக்கு மேலாக விரலை ஓட்டிக்கொண்டிருந்தார்.

“பிழை மிஸ். ஜூன் இருபத்தேழு, ஒக்டோபர் இருபத்தேழு, நாலு மாசம். பத்து நாள் கூட்டினா நவம்பர் ஆறு. தங்கச்சி நாலு நாள் முந்தி வந்திட்டா.” பிறகு ஒவ்வொரு நாளாக எண்ணினார். “நூற்று முப்பத்திரண்டு,” என்று சொல்லிவிட்டு, தான் சொன்னது என்னவென்று புரிந்து, கலண்டரை மெதுவாகக் கீழே வைத்தார்.

“எங்கட மாசம் பிறைக்குத்தானே அண்ணன். இருபத்தொன்பதும் வரும், முப்பதும் வரும்,” என்றாள் ஸக்கியா. “உங்கட மாதிரி முப்பத்தொண்டு வராது.”

ரோட்டைக் கடந்த இரண்டு கழுதைகள் ஆட்டோவைப் பார்த்து நின்றுவிட்டுப் போயின.

பிறகு மபாஸா சொன்னாள். அந்த எண்ணைப் போட்டவருக்கு ஸக்கியா இத்தாவில் இருப்பது தெரியும். அது எத்தனை காலம் என்பதும் தெரியும். ஆனால் அதைப் பிறையைப் பார்த்து எண்ண வேண்டும் என்பது தெரியாது. சுவரில் மாட்டிய கலண்டரைப் பார்த்து எண்ணியிருக்கிறார். ஹுனைஸ் அந்தப் பிழையை விடமாட்டார். அவருடைய உம்மாவே போன வருடம் இத்தாவில் இருந்தவர்.

“அப்ப எங்கட ஆள்,” என்றார் அன்ரனிப்பிள்ளை, உற்சாகமில்லாமல். “வேதக்காரன்.”

“சேவருக்குப் பொறுப்பான கிளைட்டன். அவ வெளிய வாற அண்டைக்கே எல்லாம் அழியிற மாதிரி போட்டிரிக்கார்.”

ஸக்கியா தலையைக் குனிந்துகொண்டாள். கிளைட்டன் தன் கணவருக்கு இருந்த ஒரே கந்தோர்ச் சிநேகிதன் என்று அவள் சொன்னாள். பகல் சாப்பாட்டை இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவார்களாம். இனாஸ் வீட்டில் வந்து சொல்கிற பத்துக் கதையில் ஒன்பது அவரைப் பற்றியதாம். நாலு மாதமும் ஊரில் யார் யார் தன்னை விட்டு விலகினார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தவள், அந்த ஒருவரை மட்டும் எண்ணாமல் வைத்திருந்தாள் போலும்.

ஐஸ் அறையில் இப்போது ஐஸ் இல்லை. சேவருக்காகப் போட்ட குளிரூட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே வெறும் படகுத்துறை. நாலாம் நம்பர் படகு கட்டியிருந்த கட்டையில் ஒரு நீர்க்காகம் இருந்தது. உள்ளே முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவன், கழுத்துவரை இழுத்து மூடிய சட்டையோடு உட்கார்ந்திருந்தான். அறையில் மனிதக் குரல் கேட்டு நாளாகியிருக்க வேண்டும். மபாஸா பெயர் சொல்லி அழைத்ததும் திடுக்கிட்டு எழும்பினான்.

இப்படியான இடங்களில் மபாஸா முகவுரை சொல்வதில்லை.

“நூற்று முப்பத்திரண்டு,” என்றாள்.

அவன் பயப்படுவான் என்று நினைத்தாள். அவன் கைக்கடிகாரத்தில் திகதியைப் பார்த்தான்.

“இன்னும் ரெண்டு நாள் இருக்கே மிஸ்,” என்றான். “அவ ஆறாந் திகதிதானே வெளிய வருவா?”

மபாஸா கட்டி வைத்திருந்த கதை அந்த ஒரு கேள்வியில் சரிந்தது. அழிக்கிறவன் இப்படிக் கேட்கமாட்டான். இது காத்திருக்கிறவனின் கேள்வி. அவள் சேவரின் விதியை ஒரு பக்கமாகவே வாசித்திருக்கிறாள். நூற்று முப்பத்திரண்டு நாள் முடிந்த பிறகுதான் அழியும் என்றால், அந்த நாள்வரை அது பத்திரமாக இருக்கும். எல்லாருக்கும் முப்பது நாள். இந்த ஒன்றுக்கு மட்டும் யாரோ நூற்றிரண்டு நாள் கூடக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

ஸக்கியா இரண்டாம் திகதியே வெளியே வந்துவிட்டதையும், நேற்று வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பப்பட்டதையும் மபாஸா சொன்னாள். கிளைட்டன் மறுபடியும் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

அவன் சொன்னது இவ்வளவுதான். படகு கவிழ்ந்த அன்று பின்னேரம் மனேஜர் தொலைபேசியில் கூப்பிட்டு, ஒரு ஈமெயிலை அழித்தால் அது முழுதாகப் போக எத்தனை நாள் என்று கேட்டார். முப்பது நாள் குப்பையில் கிடந்துவிட்டுப் போகும் என்று இவன் சொன்னான். தொலைபேசியை வைத்த பிறகுதான், இந்த நாளில் ஒரு மனிதர் கேட்கிற கேள்வியா இது என்று உறைத்தது. தேடி, இனாஸின் கடிதத்தை வாசித்தான். ஒரு வாரம் கழித்து இனாஸின் வீட்டுக்குப் போனான். ஸக்கியாவின் மாமா படலையிலேயே மறித்து, பிள்ளை இத்தாவில் இருக்கிறது, பிற ஆண்களோடு கதைக்க முடியாது, நாலு மாதமும் பத்து நாளும் கழித்து வாருங்கள் என்றார். கடிதம் எழுதிக் கொடுக்கலாம் என்று நினைத்தான். யார் கையில் போகுமோ என்று பயந்தான். திரும்பி வந்து, கலண்டரைப் பார்த்து எண்ணி, அந்த எண்ணைப் போட்டான்.

“ஆனா இனாஸ்ட பெட்டி ஜூலையிலயே அழிஞ்சதெண்டு மனேஜர் சொன்னாரே?”

“ஓம் மிஸ். அது போயிட்டுது. நான் தொட்டிருந்தால் உடன கண்டுபிடிச்சிருப்பார். அதத்தான் அவர் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருந்தவர்.”

“அப்ப ‘மற்றவை’ எண்டது ஆருடைய பெட்டி?”

கிளைட்டன் முதன்முறையாக அவளை நேராகப் பார்த்தான்.

“மனேஜர்ட பெட்டிதான். அவர்ட குப்பை.”

மபாஸாவுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. பதினாறு வருடம் கடிதம் பிரித்தவள், ஒரு கடிதத்துக்கு அனுப்பினவர் என்று ஒருவரும் பெற்றவர் என்று ஒருவரும் இருப்பதை மறந்து, அனுப்பினவரின் வீட்டையே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறாள். ஹுனைஸ் தன் குப்பையையே அவளுக்குத் திறந்து காட்டி, ஒன்றுமில்லை பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். அவருக்கே தெரியாது.

ஏன் இன்னும் கூட நாள் போட்டு வைக்கவில்லை என்று கேட்டாள்.

“எனக்கு இந்த வேலையும் இந்த அறையும் மட்டும்தான் மிஸ். அவ வெளிய வாற வரைக்கும் பயப்படாம இருப்பம் எண்டு நினைச்சன். அதுக்கு மேல எனக்கு ஏலாது எண்டு எனக்குத் தெரியும்.”

அவள் அந்தக் கடிதத்தைக் கேட்கவில்லை. களவாக எடுத்த கடிதம் நீதவானின் முன் நிற்காது. அழியாமல் நிறுத்தி வைக்க வழி உண்டா என்று கேட்டாள். உண்டு என்றான். ஒரு பெட்டியை முழுதாக நிறுத்தி வைக்கலாம். வைத்தால் கொழும்புத் தலைமைக் கந்தோரைத் தவிர ஒருவராலும் எடுக்க முடியாது. விசாரணைக்குக் கேட்டால் அவர்கள் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் வைத்தவரின் பெயரும் காரணமும் அதிலே பதியும். அவன் அந்தப் பக்கத்தைத் திறந்தான். ‘காரணம்’ என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. விரல்கள் விசைகளின் மேல் போய் அப்படியே நின்றன.

மேசைத் தொலைபேசி அடித்தது. கிளைட்டன் எடுத்தான்.

ஹுனைஸின் குரல், சின்ன அறை முழுதும் கேட்டது. மபாஸா போன பிறகு, அவளுடைய கண் நின்ற வரியை அவரும் போய்ப் பார்த்திருக்கிறார்.

“கிளைட்டன், மற்றவை எண்டு ஒண்டு இரிக்கே, அது என்ன? அத இப்பவே எடுங்க.”

கிளைட்டன் நிமிர்ந்தான். அவனுடைய கண் மபாஸாவைத் தாண்டி வாசலுக்குப் போனது. ஆட்டோவை விட்டு இறங்க மாட்டேன் என்றவள் அங்கே நின்றாள். செருப்பெல்லாம் மணல்.

அவள் ஒன்றைத்தான் கேட்டாள்.

“அவர் சொன்னவரா?”

தொலைபேசி அவன் கையிலேயே இருந்தது. மறுபக்கம் கேட்டுக்கொண்டிருந்தது.

“சொன்னவர் தங்கச்சி,” என்றான் கிளைட்டன். “விடியக்காலம் அஞ்சு நாப்பதுக்கு. எஞ்சின் மூண்டு நாளா நடுக்கடல்ல நிக்குது, கடலும் சரியில்ல, மெல்றோய் சின்னப் பிள்ளை, இண்டைக்கு வேணாம் எண்டு எழுதியிருக்கார். இண்டைக்கு மட்டும் போங்க எண்டு பதில் போயிருக்கு.”

ஸக்கியா கதவு நிலையில் சாய்ந்தாள். அழவில்லை. இத்தனை நாள் தூக்கி வைத்திருந்த ஒன்றை இறக்கி வைக்க இடம் தேடுகிறவள் போல நின்றாள்.

கிளைட்டன் ஒரு கையால் எழுதினான். எழுதி, அழுத்தினான். பிறகு தொலைபேசியைக் காதில் வைத்தான்.

“சேர், அது உங்கட பெட்டி. நான்தான் அந்த நாளைப் போட்டது. இப்ப முழுசா நிப்பாட்டிட்டன். என்ட பேரில.”

மறுபக்கத்தில் கதிரையைத் தள்ளும் சத்தம் கேட்டது.

“அங்கேயே இருங்க. நான் வாறன்.”

வருகிறவரைச் சந்திப்பது தன் வேலை என்றாள் மபாஸா. கிளைட்டனுக்கு இப்போது வேறு வேலை இருந்தது. ஸக்கியா சொல்லிக்கொண்டிருந்தாள். மெல்றோயின் தாய் றோசமேரி அவர்களுடைய வீட்டிலிருந்து நாலு ஒழுங்கை தள்ளி இருக்கிறா. நாலு மாதமாக இந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. விசாரணையில் முன்பின் தெரியாதவர்களின் வாயால் கேட்பதற்கு முன், இன்றைக்கே போய்ச் சொல்ல வேண்டும்.

“நீங்களும் வாங்க கிளைட்டன் அண்ணன். நான் தனியப் போய்ச் சொன்னா அவ நம்ப மாட்டா. உங்கள நம்புவா.”

அவன் சட்டையின் கழுத்தைத் தளர்த்திக்கொண்டு, மோட்டார்சைக்கிள் சாவியைத் தேடினான். மேசையில் கண்ணெதிரே கிடந்ததை எடுக்க மூன்று தரம் தேட வேண்டியிருந்தது. பழைய கண்டக்டர் அன்ரனிப்பிள்ளை வாசலில் வந்து நின்று, முன்னால் தான் போவதாகவும், ஆட்டோவுக்குப் பின்னால் வருகிறவர் முந்தக் கூடாது, அது தன் மரியாதைக்குக் குறைவு என்றும் அறிவித்தார். ஸக்கியாவின் உதட்டில் ஏதோ அசைந்தது.

ஆட்டோவும் மோட்டார்சைக்கிளும் களப்போரமாக ஒன்றன்பின் ஒன்றாகப் போவதை மபாஸா ஜன்னலால் பார்த்தாள். வெங்காயத் தோட்டங்களுக்கு அப்பால் இரண்டும் மறைந்தன. பிறகு குளிரூட்டியின் சத்தம் மட்டும் இருந்தது. அவள் கிளைட்டனின் கதிரையில் உட்கார்ந்தாள். சூடு இன்னும் ஆறவில்லை.

பிழையாகவே எண்ணியிருந்தாலும் எண்ணியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். ஸக்கியாவுக்குத் தெரியாமலேயே, இந்தக் குளிர் அறையில், அவள் வெளியே வருகிற நாளை ஒருவன் எதிர்பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். ஒன்பது வருடத்துக்கு முன் மபாஸா வெளியே வந்த அன்று கதவைத் திறந்ததும் அவளேதான், மூடியதும் அவளேதான். அதைப் பற்றி அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆள் இருந்ததுமில்லை.

வெளியே வாகனமொன்று சரளைக் கற்களை நசுக்கிக்கொண்டு வந்தது. அவள் திரையைப் பார்த்தாள். ‘காரணம்’ என்ற கட்டத்தில் கிளைட்டன் என்ன எழுதினான் என்பதை அப்போதுதான் வாசித்தாள். இரண்டே சொல்.

இனாஸ் சொன்னார்.

வாகனத்தின் கதவு அறைந்து மூடிய சத்தம் கேட்டது. மபாஸா எழும்பவில்லை.